மடிப்பில்லாத கால்சட்டை

2024 ஆகஸ்ட் 15, வியாழக்கிழமை, காலை மணி 9.40. தூறல் நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இக்கரையில், தம்போயில் எங்கள் வீட்டு வாசல் சிமெண்டு இன்னும் காயவில்லை. வானம் மறுபடியும் மூடிக்கொண்டு வந்தது. பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதா, பெய்த தூறலே போதுமா என்று யோசித்தபடி நின்றுகொண்டிருந்தேன். மொத்தம் ஏழு தொட்டிகள். சமையலறையில் என் மனைவி நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய் என்பதால் கைப்பேசியை அடுப்பு மேடையில் வைத்து, வந்திருந்த குரல் செய்தியைச் சத்தமாக ஓடவிட்டாள். பேசியது அவளோடு தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்த ஓர் ஆசிரியை.

“டீச்சர், செப்டம்பர் ஏழு, சனிக்கிழம மத்தியானம் நம்ம ஸ்கூல் ஸ்டாஃப் சாப்பாடு. எல்லாரும் ஜோடியா வராங்க. உங்களுக்கு எப்பயும் போல ஒரு ஆள்தானே? சார் இன்னும் பிசிதானா? பென்ஷன் வாங்குனப்புறமும் என்னா பிசி லா அவருக்கு?”

என் மனைவி முழங்கையால் பொத்தானை அழுத்திப் பதில் சொன்னாள். “ஒரு ஆள்தான் டீச்சர். அவருக்கு வேலை தலைக்கு மேல இருக்கு.”

எனக்கு அன்று இருந்த வேலை ஏழு தொட்டிகள். அதுவும் தூறலால் பாதி முடிந்துவிட்டிருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் அந்த விருந்துக்கு அவள் தனியாகத்தான் போவாள். “இப்பல்லாம் அது டீச்சருங்க மட்டும் போற சாப்பாடு” என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். நானும் நம்பி, அன்றைக்கு ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டுப் படுத்திருப்பேன். ஆறு ஆண்டுகள், ஆறு முட்டைகள். எல்லாரும் இன்னும் ஜோடியாகத்தான் போகிறார்கள் என்பது அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பத்து நான்கு ஆண்டுக் குடித்தனத்தில் ஒன்று கற்றிருக்கிறேன். நான் நேராகக் கேட்டால் அவளும் நேராகவே பதில் சொல்லிவிடுவாள். அதனால் கேட்கவில்லை. படுக்கையறைக்குப் போய்க் கண்ணாடியின் முன் நின்று காரணத்தை நானே தேடினேன். தேட அதிக நேரம் ஆகவில்லை.

வியாழக்கிழமை என்பதால் நான் பூ அச்சடித்த பாத்தேக் சட்டையில் இருந்தேன். இங்கே அரசாங்க அலுவலகங்களில் வியாழக்கிழமை பாத்தேக் அணிவது வழக்கம். முப்பத்தாறு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் வியாழக்கிழமை விடிந்தால் கை தானாகப் பாத்தேக்கைத் தேடும். பாசாருக்கு மீன் வாங்கப் போனாலும் பாத்தேக்தான். என்னைப் பார்த்துத்தான் கிழமையே தெரிந்துகொள்வதாக மீன்காரர் சொல்லுவார். அதை நான் இதுவரை பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அலமாரியைத் திறந்து கணக்கெடுத்தேன். வெள்ளைச் சட்டை பதினொன்று. அவற்றில் பையின் அடியில் மைக்கறை படிந்தவை ஐந்து. பாத்தேக் ஒன்பது. சாம்பல் நிறக் கால்சட்டை ஆறு. ஒவ்வொன்றிலும் இடுப்புக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டாக நான்கு மடிப்புகள். பெல்ட்டு ஒன்று, அதில் கடைக்காரன் போட்ட ஓட்டை ஐந்து, நான் ஆணியால் போட்டது மூன்று. இதைப் பார்த்த பிறகு எனக்கு எல்லாம் விளங்கியது. பேரங்காடிகளில் அவள் என்னைவிட நான்கு அடி முன்னால் நடப்பாள். தரையில் பதித்திருக்கும் ஓடுகளை வைத்து அளந்திருக்கிறேன். முழங்கால் வலி இல்லாதவள், அதனால் வேகமாக நடக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

என்னை இப்படியே கூட்டிக்கொண்டு போக அவளுக்கு வெட்கம். அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினேன். செப்டம்பர் ஏழுக்கு இருபத்து மூன்று நாள்கள் இருந்தன. அதற்குள் நான் பார்க்கத்தக்கவனாக மாற வேண்டும். அவள் தானாக என்னைக் கூப்பிட வேண்டும். இந்த வயதில் வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதாக நினைவில்லை.

முதலில் என் தையற்காரரிடம் போனேன். நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். கடைவரிசையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் இயந்திரம், ஒரு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான் கடை. அந்த நோட்டில் என் இடுப்பு 1991-லிருந்து வரிசையாக இருக்கிறது. முப்பது அங்குலத்தில் தொடங்குகிறது. அவர் தைக்கும் கால்சட்டைகளில் பின்பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு அங்குலத் துணியை மடித்து விட்டுவைப்பார். இடுப்பு பெருக்கப் பெருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுவார். மனிதன் பெருப்பான் என்று முன்கூட்டியே தெரிந்த தொழில் அது.

“புதுசா ரெண்டு சிலுவார் தைக்கணும் பாய்” என்றேன்.

அவர் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். “முப்பத்தெட்டரை. இப்ப நீங்க போட்டிருக்குறதுல உள்ள துணி தீந்துபோச்சு சார். மூணு தடவ பிரிச்சாச்சு. இன்னும் அரை இஞ்சு பெருத்தீங்கன்னா காத்துதான்.”

“அதனாலதான் புதுசு கேக்குறேன். நாலு மடிப்பு வையுங்க.”

“நாலு மடிப்பா?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கிட்ட நாலு மடிப்பு தைக்கிறவங்க ரெண்டே பேருதான் சார். நீங்க ஒருத்தரு.”

“இன்னொருத்தர்?”

“போன வருசம் மௌத்தாயிட்டாரு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அவரே சொன்னார். “நான் தைச்சா பழைய மாதிரிதான் வரும். என் கைக்கு அதுதான் தெரியும். மகளைக் கூட்டிட்டுக் கடைக்குப் போங்க. வாங்கியாங்க, நீளம் நான் வெட்டித் தரேன். யாரைப் பாக்கப் போறீங்க, இவ்ளோ அவசரமா?”

“பொஞ்சாதியோட ஒரு சாப்பாட்டுக்கு.”

“அல்லாவே” என்றார். கேலியா, ஆசியா என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். விஷயத்தை அவளிடம் ரகசியமாகச் சொன்னேன். அன்று மாலையே அவள் என் கைப்பேசிக்கு ஒரு கட்டுரையை அனுப்பினாள். நடுவயதில் உடை அலமாரியைப் புதுப்பிப்பது எப்படி என்பது தலைப்பு. எனக்கு வயது அறுபத்து மூன்று. அது நடுவயது என்றால் நான் நூற்று இருபத்தாறு வரை இருந்தாக வேண்டும். அதற்குள் அந்தப் புதுத்துணியும் கிழிந்துவிடும் என்று பதில் எழுதினேன். அவள் சிரிக்கும் முகம் நான்கு அனுப்பினாள்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, அவளுக்கு விடுமுறை. அம்மாவிடம் கார் கழுவப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பேரங்காடியின் இரண்டாம் மாடியில் ஆண்கள் உடைக் கடை. அங்கே இருந்த மலாய் இளைஞன் என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு, கையில் எட்டு உருப்படிகளைத் திணித்து, உடை மாற்றும் அறைக்குள் அனுப்பிவிட்டான். உள்ளே மூன்று பக்கமும் கண்ணாடி. என் முதுகை நான் அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

முதலில் போட்ட கால்சட்டையில் மடிப்பே கிடையாது. முன்பக்கம் பலகை மாதிரி இருந்தது. நிற்க முடிந்தது, குனிய முடியவில்லை.

“ப்பா, வெளிய வாங்க. பாக்கணும்” என்றாள் மகள்.

“வரலாம். ஆனா உக்காந்தா எழுந்திருக்க முடியாது.”

“சாப்பாட்டுக்குத்தானே போறீங்க. நின்னுக்கிட்டே சாப்பிடுங்க.”

ஒரு அளவு பெரியதாகக் கொண்டுவரச் சொன்னாள். அதில் உட்கார முடிந்தது. சட்டை வேறு வகைப் பிரச்சினை. எனக்குத் தெரிந்த சட்டை நிறங்கள் இரண்டே. வெள்ளை, வெள்ளையை ஒட்டிய நீலம். அவள் எடுத்துக் கொடுத்தது பழைய செங்கல் நிறம். தொட்டுப் பார்த்தால் துணி ஏற்கெனவே கசங்கியிருந்தது. விலைச்சீட்டில் 119 ரிங்கிட்.

“இது கசங்கியிருக்கும்மா. விலையில குறைக்கச் சொல்லு.”

“அது லினன்ப்பா. அப்படித்தான் இருக்கும்.”

“நூத்துப் பத்தொம்பது வெள்ளி குடுத்துக் கசங்கின சட்டை வாங்கணுமா? கசங்காதது வீட்டுல பதினொன்னு இருக்கு.”

“ப்பா, பேசாம போடுங்க. சட்டைய உள்ள திணிக்காதீங்க. வெளிய விடுங்க.”

“வெளிய விட்டா பெல்ட்டு யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அப்ப பெல்ட்டு எதுக்கு வாங்குறோம்?”

அவள் அந்த இளைஞனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். பெல்ட்டு வாங்கினோம். இன்னொரு சட்டையும் வாங்கினோம், கரும்பச்சை. கயிறில்லாத சப்பாத்து ஒரு ஜோடியும் வாங்கினோம். அதற்குக் காலுறை போடக் கூடாதாம். அறுபத்து மூன்று வயதில் என் கணுக்கால்களை ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் என்ன என்று கேட்டேன். “அழகா இருக்குப்பா” என்று சொல்லிவிட்டாள். என் உடம்பில் எந்தப் பகுதியையும் யாரும் அப்படிச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால் மேற்கொண்டு வாதாடவில்லை.

கால்சட்டையின் நீளத்தைத் தையற்காரர் அன்றைக்கே இரண்டு அங்குலம் குறைத்துக் கொடுத்தார். உள்ளே பிரித்துவிட ஏதாவது துணி இருக்கிறதா என்று கேட்டேன். தையலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கால் அங்குலம் என்றார். “இத வாங்குறவங்க பெருக்க மாட்டோம்னு நினைக்கிறவங்க சார்” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயப் பூசைக்குப் போய்வந்து, பழைய உடையைக் களைந்து, புதியதை முழுதாக அணிந்துகொண்டேன். கூடத்திலிருந்து சமையலறை வாசல்வரை ஒரு நடை போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. இரண்டாம் நடை. மூன்றாவது நடையில் புதுச் சப்பாத்து தரையில் கீச்சென்றது. நிமிர்ந்தாள். தலையிலிருந்து கணுக்கால்வரை பார்த்தாள்.

“என்னா இது? யாரு வீட்டுக் கல்யாணம்?”

“கல்யாணம் இல்ல. சும்மாதான். நல்லாருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். பிறகு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மகளைப் பார்த்தாள். “கார் கழுவினீங்களா, கார்? அத நேத்தே பாத்தேன், பின் கண்ணாடியில காக்கா எச்சம் அப்படியே இருந்துச்சு.”

இனி மறைத்துப் பயனில்லை. செப்டம்பர் ஏழாம் தேதி விருந்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன். இனி என் உடையைப் பற்றி அவள் கவலைப்பட வேண்டாம், அலமாரியில் பழையதை எல்லாம் மூட்டை கட்டிவிடலாம், வியாழக்கிழமைகூடப் பாத்தேக் போட மாட்டேன் என்றேன். தயார் செய்துவைத்திருந்த வார்த்தைகள். சொல்லி முடித்ததும் அவள் மாவுக்கையை வழித்துவிட்டு உட்கார்ந்தாள்.

“உங்க சட்டைக்காகத்தான் கூட்டிட்டுப் போகலன்னு நினைச்சீங்களா?”

“பின்ன?”

“முப்பத்து நாலு வருசமா அந்தச் சட்டையத் தோய்ச்சிக்கிட்டு வரேன். அதுல எனக்கென்னா வெக்கம்?”

“பின்ன எதுக்குத்தான்?”

“இறால்” என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் எனக்கு வந்த ஞாபகமும் அவளுடையதும் ஒன்றல்ல.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒருமுறை அந்த விருந்துக்குப் போயிருந்தேன். அதே சீன உணவகம், அதே முறை. ஒரு வட்ட மேசைக்குப் பத்துப் பேர். நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. ஒவ்வொரு பதார்த்தமாக வரும், தட்டைச் சுழற்றி அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வெண்ணெயில் வதக்கிய இறால் வந்தது. இருபது இறால். ஆளுக்கு இரண்டு. இதை எண்ணுவதற்கு நான் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. கண் தானாக எண்ணிவிடும். தட்டு சுற்றி முடிந்தபோது, கடைசியில் உட்கார்ந்திருந்த புது ஆசிரியைக்கு ஒன்றுதான் மிஞ்சியது. அந்தப் பெண் அதையே எடுத்துக்கொண்டாள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. இருபது வந்தது, யாரோ மூன்று எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். யார் என்று ஒருவரும் சொல்லாததால், தட்டுகளில் கிடக்கும் இறால் தலைகளை எண்ணினால் தெரிந்துவிடும் என்றேன். எண்ணியும் காட்டினேன். மூன்று தலைகள் இருந்தது தலைமையாசிரியையின் கணவர் தட்டில்.

நியாயம் கேட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே.

“அதுக்கப்புறம் நாலு வருசம் அந்தத் தலைமையாசிரியம்மாகிட்ட நான் வேலை பாத்தேன்” என்றாள் மனைவி. “ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பேரே இறால் டீச்சர். பிஸ்கட் டின்ன நீட்டும்போதெல்லாம், ‘எண்ணிட்டு எடுத்துக்குங்க டீச்சர்’னு சொல்லுவாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா எத்தனை தடவ சொன்னாங்கன்னு கேப்பீங்க.”

கேட்கத்தான் வாயெடுத்திருந்தேன். மூடிக்கொண்டேன்.

கதவருகே மகள் சிரிப்பை அடக்கியதில் தோள்கள் குலுங்கின. என் மனைவி சிரிக்கவில்லை. அவள் கண்ணில் இருந்தது கேலி இல்லை. நான்கு ஆண்டுகள் அதை எனக்காகச் சுமந்து, வீட்டுக்கு வந்து, என் சட்டைக்குக் கஞ்சியும் போட்டிருக்கிறாள். புதுச் சட்டையும் சப்பாத்துமாக அவள்முன் நின்ற நான், ஒட்டடை அடிக்கப் போன இடத்தில் சுவரே பெயர்ந்து விழக் கண்டவன் மாதிரி ஆகிவிட்டேன்.

“இந்தத் தடவ எண்ண மாட்டேன்” என்றேன்.

“உங்களால முடியாது.”

“வாய்விட்டு எண்ண மாட்டேன்.”

“அதான் உண்ம” என்று சொல்லிவிட்டு மறுபடி மாவில் கை வைத்தாள்.

இரண்டு நாள்கள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் என் பங்குக்கு அடங்கி நடந்தேன். மாடிப்படிகளைக்கூட எண்ணாமல் ஏறினேன். பதினான்கு என்று ஏற்கெனவே தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அவள் கைப்பேசியை எடுத்து, நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு, “டீச்சர், எனக்கு ரெண்டு ஆள் போடுங்க” என்றாள். பிறகு என்னிடம் ஒரே நிபந்தனை சொன்னாள். சட்டைப் பையில் பேனாவும் குறிப்பேடும் இருக்கக் கூடாது. புதுச் சட்டைக்குப் பையே இல்லை என்று காட்டினேன். அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 7, நண்பகல். உணவகத்துக்குள் அவள் எனக்கு முன்னால் நடக்கவில்லை; பக்கத்தில் நடந்தாள். குரல் செய்தி அனுப்பிய அந்த ஆசிரியைதான் முதலில் பார்த்தார். “டீச்சர், இவர எங்க புடிச்சீங்க? பழையவர என்னா பண்ணீங்க?”

“குடுத்து மாத்திக்கிட்டேன்” என்றாள் என் மனைவி. “மேல கொஞ்சம் காசு போட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குக் கிடைத்த மேசையில் எதிர்ப்பக்கம், இப்போது ஓய்வு பெற்றுவிட்ட தலைமையாசிரியையும் அவர் கணவரும். கணவர் என் சட்டையைப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பார்த்தேன். பாத்தேக்.

நான்காவது பதார்த்தமாக இறால் வந்தது.

பணிப்பெண் அதைக் கண்ணாடித் தட்டில் வைத்ததும் மேசையில் பேச்சு நின்றது. ஒன்பது பேரும் இறாலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தேன். விளக்குக் கொத்தில் நாற்பத்தெட்டு பல்புகள், நான்கு எரியவில்லை. தட்டு மெல்லச் சுழல்வது காதில் கேட்டது. நான் கண்ணைத் தாழ்த்தியபோது அது ஒரு சுற்று முடித்து என் எதிரே நின்றிருந்தது. அநேகமாக எல்லார் தட்டிலும் ஒரே ஒரு இறால். இரண்டாவதை எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. நடுத்தட்டில் மீதி குவிந்து, ஆறிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியையின் கணவர் ஒன்றுகூட எடுக்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று யாரும் கேட்காமலே விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் உங்களாலதான்” என்றாள் என் மனைவி, உதடு அசையாமல்.

அவளுக்குக் கொடுத்த வாக்கு, எண்ண மாட்டேன் என்பது. வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுந்தேன். குனிய முடிந்தது, மகள் பெரிய அளவு வாங்கியது நல்லதாயிற்று. பெரிய கரண்டியால் இறாலை அள்ளி, மேசையைச் சுற்றிப் போய், தலைமையாசிரியையின் கணவர் தட்டில் போட்டேன். எத்தனை விழுந்தன என்று நான் பார்க்கவில்லை.

“சார், சாப்பிடுங்க” என்றேன். “அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. ஏழு வருசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அஞ்சு போட்டிருக்கீங்க சார்” என்றார்.

“நீங்க எண்ணுங்க. எனக்கு இன்னிக்கு லீவு.”

முதலில் சிரித்தவர் தலைமையாசிரியை. பிறகு மேசை முழுதும். யாரோ தட்டைச் சுழற்றினார்கள், கைகள் நீண்டன. நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது இறால் தீர்ந்துபோயிருந்தது; என் தட்டில் ஒன்றும் இல்லை. என் மனைவி அதைக் கவனித்தாள் என்றே நினைக்கிறேன். தன் பங்கை எனக்குத் தரவில்லை, அவளுக்கும் இறால் பிடிக்கும். ஆனால் எழுந்து போனதில் மடங்கியிருந்த என் சட்டைக் கழுத்தை, அத்தனை பேர் முன்னால், ஒரு கையால் சரி செய்துவிட்டாள். கை உடனே போய்விடவில்லை.

திரும்பும் வழியில் காரில் கேட்டாள். “சட்டை, சிலுவார், சப்பாத்து, சாப்பாட்டுக் காசு, எல்லாம் சேத்து எவ்ளோ ஆச்சு?”

“கணக்கு வைக்கல” என்றேன்.

“பொய் சொன்னாலும் இந்தச் சட்டையில நல்லாத்தான் இருக்கீங்க” என்றாள்.

வாகன நிறுத்தக் கட்டணமும் தையற்காரருக்குக் கொடுத்ததும் சேர்த்து, எழுநூற்று ஐம்பத்தாறு ரிங்கிட் தொண்ணூறு காசு.